மழைக் கச்சேரியின் நடுப்பகுதி

ஈரத் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு, கணவரின் தோளுக்கடியில் ஒரு கையையும் இடுப்புக்கடியில் ஒரு கையையும் கொடுத்து அவரைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டினாள். அழுக்கான விரிப்பைச் சுருட்டி முதுகோடு ஒட்டித் தள்ளினாள். பிறகு மறுபக்கம் புரட்டி, சுருளை உருவி எடுத்தாள். இப்போதெல்லாம் இது பழகிவிட்டது. அவரும் முன்போல முனகவில்லை. காலையிலிருந்து வலது கையைக்கூட அசைக்கவில்லை. அதை எடுத்து வயிற்றின்மேல் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"அண்ணி, கை குடுக்கணுமா?" என்று வெளி அறையிலிருந்து டிரைவர் கேட்டார்.

"வேணாம், ஆயிடுச்சு. உள்ள வாங்க."

அவர்கள் அதற்காகவே காத்திருந்ததுபோல வந்தார்கள். டிரைவர், நகரப் பேருந்து ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்திருந்தார். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொருவருக்குக் கத்தரி என்று பெயர். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சுருக்கித் தருவது தொழில், அதனால் வந்த பெயர். அவர் உட்காரமாட்டார். கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்றால்தான் அவருக்கு வாதம் வரும்.

படுத்திருப்பவருக்கு அவர்கள் வைத்த பெயர் நீட்டு. அவர் உயரத்தால் வந்ததல்ல, உயரமும் இல்லை. மூவருக்கும் பிடித்த இசைக்குழு மேடையில் எதை எவ்வளவு நீட்டினாலும் போதாது என்று சொல்கிற ஆள் என்பதால் வந்தது.

மூவரும் இளவட்டங்களாக இருந்த காலத்திலிருந்தே அந்தக் குழுவின் பின்னால் அலைந்தவர்கள். குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. இசைத்தட்டில் நாலாவதாக இருக்கும் பாட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். அதையே மேடையில் வாசித்தால் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம், அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வரியைப் பாடிவிட்டு வாத்தியங்களை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போய்விடுவார்கள். போகிற இடம் அவர்களுக்கே தெரியாது என்பதுதான் அதன் பெருமை என்று கணவர் சொல்வார். அதுதான் அதன் கோளாறு என்பார் கத்தரி. ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து கொண்டுவந்த நாலாம் பாட்டுகள் மட்டுமே ஒரு அலமாரி நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் வேறு என்று சத்தியம் செய்வார்கள்.

"மழைக் கச்சேரியப் பத்திப் பேசுனா நான் எழுந்து போயிடுவேன்" என்றார் டிரைவர்.

"அதப் பத்தித்தான் பேசப்போறேன்" என்றார் கத்தரி. "எழுந்து போ."

டிரைவர் எழுந்திருக்கவில்லை.

மழைக் கச்சேரி அவளுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் கணவர் திறந்த மைதானத்தில் கொட்டுகிற மழையில் நின்று கேட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி அதில் ரெக்கார்டரைச் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். ரெக்கார்டர் காய்ந்திருந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்து அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி போட்டாள். காய்ச்சலிலும் அதைப் போட்டுக் கேட்டார். "எவ்வளவு நேரம்தான் இது? எப்ப முடியும்?" என்று அவள் கேட்டதற்கு, "முடியறதுக்கு என்ன அவசரம்?" என்றார்.

இந்த மாதங்களில், எப்ப முடியும் என்ற அந்தக் கேள்வி அவள் மனதில் வேறு விதமாக அடிக்கடி வந்தது. வந்ததும் எழுந்து போய் எதையாவது துடைப்பாள்.

"அதுல நடுவுல என்ன இருக்கு சொல்லு" என்றார் கத்தரி. "கிடார்காரன் வழிய விட்டுட்டான். ஒத்துக்கிறியா? மத்தவனுங்க திருதிருன்னு முழிக்கிறானுங்க. இருட்டுல அஞ்சு பேர் சுவத்தைத் தடவி ஸ்விட்ச்சைத் தேடறானுங்க. அவனுங்க தேடட்டும், வேணாங்கல. நான் ஏன்யா அது வரைக்கும் கூடவே நிக்கணும்?"

"வண்டி ஓட்டறவனுக்குத் தெரியும்" என்றார் டிரைவர். "தெரிஞ்ச ரோட்டுல போறப்ப ரோடே கண்ணுல படாது. திருப்பம் தப்பிப்போயி ஏதோ ஒரு தெருவுல மாட்டினாத்தான் ஒவ்வொரு கடையையும் போர்டையும் பாப்போம்."

"பஸ்ஸுல இருக்கறவன் உன்னைத் திட்டுவான்."

"திட்டட்டும்."

"உயிர வாங்காதீங்க ரெண்டு பேரும்" என்று அவள் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

உடம்பு சரியாக இருந்தபோது இந்த இடத்தில் அவர் நுழைவார். லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றையும் லிஃப்ட்டில் ஏற்றிவிடுவார். "லிஃப்ட் ஒழுங்கா ஓடுனா உள்ள இருக்கறவங்க எதைப் பாப்பாங்க? நம்பரைப் பாப்பாங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுச்சுன்னா? அப்பதான்டா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாப்பாங்க. மழைக் கச்சேரில அந்த இடம் அதுதான்" என்பார். பேச்சு நின்றபிறகு ஆள்காட்டி விரலை மட்டும் இடமும் வலமும் ஆட்டுவார். வேண்டாம், வெட்டாதே என்று அர்த்தம். அந்த விரலும் போன வாரத்தோடு ஓய்ந்துவிட்டது. இருந்தாலும் அவர்கள் இருவரும் ஒவ்வொரு முறையும் வாதத்தின் நடுவில் நிறுத்தி, அந்த விரலுக்கு இடம் விட்டு, பிறகு தொடர்ந்தார்கள்.

அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. சொல்லும்படியான கோபம் இல்லை. தினமும் வருகிறார்கள், மருந்து வாங்கித் தருகிறார்கள், தூக்க உதவுகிறார்கள். ஆனால் அவர் கண்ணைத் திறந்திருந்த கொஞ்சநஞ்ச நேரத்தையும் நாலாம் பாட்டே தின்றுவிட்டது. அவளுக்கென்று அவரிடம் பேச எதுவும் இருந்ததா என்று கேட்டால், அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

வாளியையும் விரிப்பையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். விரிப்பை அலசி, பால்கனிக் கொடியில் போட்டு, காற்றில் விழாமல் இருக்க நான்கு மூலைக்கும் கிளிப் மாட்டினாள். கீழே தெருவில் ஒரு ஆள் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டை கிடைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கால் வலித்தது.

திரும்பி வந்தபோது வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"முழுசா வெட்டுன்னு நான் எப்பய்யா சொன்னேன்? முன்னாடி இருக்கட்டும். பின்னாடி இருக்கட்டும். தடுமாறுற அந்த இடத்த மட்டும் எடுத்துடுன்னுதான சொல்றேன்..."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். கட்டிலில் நெஞ்சு உயரவில்லை. சில நாட்களாகவே ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விழும். இப்போது வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். போர்வையின் மடிப்பு அப்படியே இருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கதவு நிலையில் தோளைச் சாய்த்தாள். டிரைவர் ஏதோ பதில் சொன்னார். கத்தரி சிரித்தார். வாயைத் திறந்தால் எல்லாம் ஆரம்பித்துவிடும். டாக்டர், போன், மகள், படிக்கட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும். திறக்காதவரை அந்த அறையில் எப்போதும்போல ஒரு மத்தியானம் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் இனி அவரைப் புரட்ட வேண்டாம் என்று தோன்றியது. அதுதான் முதலில் தோன்றியது. அதற்காக வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கத்தரி வழக்கம்போல நடுவில் நிறுத்தினார். "என்னடா நீட்டு, நீயே சொல்லு" என்று குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு மெல்ல நிமிர்ந்து அவளைத் தேடினார். அவள் வாசலில் நிற்பதையும், அவள் முகத்தையும், அவள் வெகு நேரமாக அங்கே நின்றிருக்கிறாள் என்பதையும் ஒன்றாகப் பார்த்தார்.

"அண்ணி..."

"ம்" என்றாள். "கண்ண மூடி விடுங்க. எனக்குக் கை ஈரமா இருக்கு."

மூன்றாம் மாடி. கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆம்புலன்ஸ்காரர்களோடு இவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பிணவறைக்குக் கொண்டுபோக உடலை இறக்கினார்கள். முதல் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது டிரைவர் சொன்னார்: "ஊர்ல இருக்கற லிஃப்ட்டையெல்லாம் ஓட வெச்சான். அவன நாம படியில தூக்கறோம் பாரு." யாரும் சிரிக்கவில்லை. அடுத்த திருப்பத்தில் கத்தரி சிரித்தார். சிரித்ததில் பிடி நழுவப் பார்த்தது. ஆம்புலன்ஸ்காரர் திட்டினார்.

மகள் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். வேறொரு ஊரில் வங்கியில் வேலை. அழுது முடித்துவிட்டு உடனே காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது அவள் சுபாவம். யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்கு வண்டி அனுப்ப வேண்டும் என்று போனில் பேசிக்கொண்டே அம்மாவின் தட்டில் சோற்றைப் போட்டாள். தகன மண்டபத்தில் மறுநாள் மத்தியானம் நேரம் கிடைத்தது. அடுத்த குடும்பம் காத்திருக்கும், குறித்த நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். விரும்பினால் ஏதாவது ஒரு பாட்டு போடலாம்.

"அப்பாவுக்கு அந்தக் குழுதான்" என்றாள் மகள் கத்தரியிடம். "ஆனா மாமா, சின்னதா இருக்கட்டும். வர்றவங்க நெளியக் கூடாது."

மறுநாள் காலையில் கத்தரி லேப்டாப்போடு வந்து சாப்பாட்டு மேஜையில் கடை விரித்தார். கண்கள் சிவந்து கிடந்தன. தூங்கியதாகத் தெரியவில்லை. டிரைவர் பால்கனியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "போட்டா முழுசா போடு, இல்லேன்னா போடாத" என்பதோடு தன் தரப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

அவள் காய்ந்த விரிப்பை எடுத்துவந்து மடித்துக்கொண்டிருந்தாள். கத்தரி, மழைக் கச்சேரிப் பாட்டை வெட்டியிருந்ததைப் போட்டுக் காட்டினார். முதல் வரி வந்தது. வாத்தியங்கள் கிளம்பின, ஏறின, ஒன்றை ஒன்று துரத்தின, கடைசியில் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கின. மழை இரைச்சலுக்கு மேல் கூட்டம் கத்தியது.

"சூப்பரா இருக்கு மாமா" என்றாள் மகள். "எங்க வெட்டினீங்கன்னே தெரியல."

"தெரியக் கூடாது. அதான் தொழில்." அதில் சந்தோஷம் இல்லை. "அண்ணி, இன்னொரு விதமாவும் பண்ணி வெச்சிருக்கேன். அதையும் கேளுங்க. இது நல்லா இருக்கா, முன்ன போட்டது நல்லா இருக்கான்னு சொல்லுங்க."

அவளுக்குச் சட்டென்று தான் வேலை பார்க்கும் கடை ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கடையில், எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கின்மேல் சட்டத்தை வைத்து, லென்ஸ்களை மாற்றி மாற்றி அவள் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி அது. பலருக்குப் பதில் தெரியாது. சிரமப்பட்டு ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவதையும் கேட்டாள். விரிப்பை மேஜைமேல் வைத்தாள்.

"அந்த இடம் எங்க?"

"எந்த இடம் அண்ணி?"

"கிடார் எதையோ சொல்ல வந்துட்டுப் பாதியில விட்டுடும். அப்புறம் கீபோர்டு வேற எதையோ ஆரம்பிக்கும், யாரும் கூடப் போக மாட்டாங்க. அதுவும் நின்னுடும். டிரம்ஸ்காரர் மட்டும் விடாம, சின்னதா, கதவத் தட்டலாமா வேணாமான்னு நிக்கிறவன் மாதிரி தட்டிட்டே இருப்பாரு. மழைச் சத்தம் நல்லா கேக்கும். யாரோ ஒருத்தர் தூரத்துல விசில் அடிப்பாங்க." நிறுத்தினாள். "ரெண்டுலயுமே அது இல்ல."

மகள் அம்மாவையே பார்த்தாள். பால்கனியில் நின்ற முதுகு திரும்பியது.

"உங்களுக்கு இது பிடிக்காதுன்னுதான..." என்று கத்தரி இழுத்தார்.

"பிடிக்கும்னு நான் சொல்லலையே. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் சமையக்கட்டு. இத்தனை வருஷமா காதைக் கழட்டியா வெச்சிருந்தேன்?" குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அந்த இடம் வந்தா மிக்ஸிய நிறுத்திடுவேன். இந்தத் தடவை மாட்டிக்குவாங்களோன்னு தோணும். ஒவ்வொரு தடவையும் அதேதான் வரப்போகுதுன்னு தெரிஞ்சாலும் தோணும்."

"அது சாவு வீட்டுக்கு நல்லா இருக்காதும்மா" என்றாள் மகள். "பாட்டு கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

மகள் குளிக்கப் போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கத்தரி லேப்டாப்பின் மூடியைப் பாதி சாய்த்தார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். நேத்து நீங்க வாசல்ல நின்னுட்டு இருந்தீங்க."

"ம்."

"நான் வெட்டணும்னு சொல்லிட்டு இருந்தேன்ல, அப்ப அவன் இருந்தானா? ராத்திரி பூரா இதே நினைப்பு. அவன் காதுல கடைசியா விழுந்தது அதுதானா? வெட்டு, எடுத்துடு, தூக்கிப் போடு... நான் ஒரு மனுஷனா? வேற ஒரு வார்த்தை எனக்கு வரலையே."

அவர் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. நகங்கள் வெளுத்திருந்தன. இந்த மனிதர்மேல் அவளுக்கு இருந்த கோபத்துக்கு இது ஒரு நல்ல சமயம். தெரியாது என்று சொன்னால்கூடப் போதும், அவர் காலத்துக்கும் சுமப்பார். பால்கனி வாசலில் டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவளால் பார்க்காமலே உணர முடிந்தது.

"இருந்தாரு" என்றாள். "விரலை ஆட்டினாரு."

"என்ன?"

"இப்படி." ஆள்காட்டி விரலை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினாள். "நீங்க பேசிட்டே இருந்தீங்க, பாக்கல."

கத்தரி அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும் நடந்தது. "ஒத்துக்கல பாருங்க" என்றார். "போற நேரத்துலயும் படுபாவி ஒத்துக்கல." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு பால்கனியைப் பார்த்துக் கத்தினார்: "கேட்டியாடா?"

"கேட்டேன், கேட்டேன்" என்றார் டிரைவர். உள்ளே வந்து, அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

கத்தரி மறுபடி வெட்டினார். இந்த முறை முன்னால் இருந்ததை எடுத்தார், பின்னால் இருந்ததில் கொஞ்சம் எடுத்தார். நடுவைத் தொடவில்லை.

மண்டபம் சின்னது. பிளாஸ்டிக் நாற்காலிகள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து அவரோடு வேலை செய்தவர்கள் சீருடையிலேயே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கடை முதலாளி வந்திருந்தார். நாத்தனார் ஒருத்தி கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். பெட்டி முன்னால் உருளைகள்மேல் இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கதவு.

பாட்டு தொடங்கியது. சற்று நேரம் எல்லாரும் தலை குனிந்து மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு கிடார் எதையோ சொல்ல வந்து நிறுத்தியது. கீபோர்டு நாலு சுரம் வாசித்துவிட்டுத் தனியாக நின்று, அடங்கியது. மழை இரைந்தது. நடுவில் அந்தச் சின்னத் தட்டல்.

ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள். "நின்னு போச்சா?" என்று நாத்தனார் பக்கத்தில் கேட்டாள். பின்வரிசையில் ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கைப் பார்த்தார், அவர் திரும்பி இவரைப் பார்த்தார். முதலாளி அவளைப் பார்த்தார். மண்டப ஊழியர் மூலையிலிருந்து ஓடிவந்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடித்து அசைத்தார். டிரைவர் பாதி எழுந்து, பேருந்தை நிறுத்துகிறவரைப்போல உள்ளங்கையைக் காட்டினார். ஊழியர் வயரை விட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார். மகள் எழப்போனாள். அவள் மகளின் முழங்கால்மேல் கையை வைத்தாள், வைத்த கையை எடுக்கவில்லை. தட்டல் தொடர்ந்தது. யாரோ ஒருவர் தூரத்தில் விசில் அடித்தார்.

வாசலில் அடுத்த குடும்பம் வந்துவிட்டது. அவர்கள் செருப்புச் சத்தம் கேட்டது. ஊழியர் அவளைப் பார்த்து மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். அவள் தலையசைத்தாள். கதவு மேலே ஏறியது, உருளைகள் சுழன்றன, பெட்டி போயிற்று. கதவு இறங்கிய பிறகும் தட்டல் கேட்டது. ஊழியர் குமிழைத் திருப்பிக் குறைத்தார். எந்த இடத்தில் அது கேட்காமல் போயிற்று என்று சொல்ல முடியவில்லை.

வெளியே வேனுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கண்டுபிடிக்கிற இடம் வந்திருக்கும்" என்றார் கத்தரி. "பேஸ் கிடார் உள்ள வர்ற இடம். வாசல் வரைக்கும் வந்துட்டோம்."

"வரலேன்னா என்ன இப்ப?"

"முழுசா போடணும்னு நின்னவன் நீதானே?"

இங்கே மூன்றாவதாக ஒரு பதில் வர வேண்டும். இருவரும் அதற்கு இடம் விட்டு நின்றார்கள். பிறகு கத்தரி வேனின் கதவைத் திறந்து, "ஏறுங்க அண்ணி" என்றார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவர்கள் மேலே வராமல் போனார்கள். மகள் உடை மாற்றாமல், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சோபாவில் சரிந்து தூங்கிப்போனாள். அவள் விளக்கைப் போடாமல் சமையலறைக்குப் போனாள். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். எதற்கு என்று யோசிக்கவில்லை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

எதிர்ச் சுவரிலிருந்து ஏதோ கேட்டது. பக்கத்து வீடு. யாரோ டம்ளரில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவர் இவ்வளவு மெல்லியது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. கரண்டி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. ஒரு தும்மல். நாற்காலி இழுபடும் சத்தம். அவள் தீக்குச்சியைக் கிழிக்காமல் கையில் பிடித்தபடி நின்று, கரண்டி நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.